எந்த இடத்து வானிலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய அலுவலகக் கட்டடங்கள் மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துகின்றன என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி, கூரைப் பூச்சு, விளக்கு, ஏசி என்று நிருபர் விவரமாகவே எழுதியிருந்தார். நடுவில், வழக்கமான கட்டடத்தைவிட இதற்கு இவ்வளவு சதவீதம் மின்சாரம் குறையும் என்று கணினி மாதிரி (கட்டடத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் கணக்கு) காட்டுவதாக ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் நிருபர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எந்த வானிலையை வைத்துப் போட்ட கணக்கு அது?

பெரிய கட்டடங்களில் ஏசியையும் காற்றோட்டத்தையும் பராமரிக்கும் வேலையில் பல வருஷமாக இருப்பவள் நான். வடிவமைப்பாளர் கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போன கட்டடத்தை அப்புறம் நிஜத்தில் ஓட்டுவது எங்களைப் போன்றவர்கள்தான். அறிக்கை ஒரு எண்ணைச் சொல்லி மீட்டர் இன்னொரு எண்ணைக் காட்டினால் முதலில் கூப்பிட்டு விசாரிப்பதும் எங்களைத்தான். அதனால் இந்தக் கேள்வியை நாங்கள் விடுவதில்லை.

கட்டடத்தின் மின்தேவையைக் கணக்கிடும் மென்பொருள்களில் பரவலானது எனர்ஜிபிளஸ். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் உருவாகி 2001-ல் வெளிவந்தது; இலவசம் வேறு. இதுவானாலும் வேறு மென்பொருளானாலும் இரண்டு விஷயங்களைக் கொடுத்தால்தான் வேலை செய்யும். ஒன்று, கட்டடத்தின் விவரம். சுவர் எத்தனை அங்குலம், கண்ணாடி எந்த வகை, எத்தனை பேர் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று இதற்காக வாரக்கணக்கில் உட்காருவார்கள். மற்றொன்று வானிலைக் கோப்பு. அதை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். கோப்பில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், நேரடி வெயில், வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம், காற்றின் வேகம், திசை. தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். சாதாரண நோட்பேடிலேயே திறக்கும். முதல் வரியில் ஊர்ப் பெயர், நிலையத்தின் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் இருக்கும். அந்த ரேகைகளை ஒரு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விமான ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்வெளியில் போய் நிற்கும்.

இதற்குக் காரணம் உண்டு. விமானம் ஏறி இறங்க மணிக்கு மணி வானிலை தெரிய வேண்டும். அதனால் இடைவெளியில்லாத நீண்டகாலப் பதிவு அங்கேதான் கிடைக்கிறது. அளக்கும் முறையும் அப்படிப்பட்டது. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். காற்றுமானி திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் கட்டடமோ மரமோ மறைக்கக் கூடாது. அதாவது கட்டடங்களின் பாதிப்பு படாத இடமாகத் தேடிப் பிடித்து அளக்கிறார்கள். வானிலை ஆய்வுக்கு அது சரி. அந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து, நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஒரு தெருவுக்குப் பொருத்தும்போதுதான் இடிக்கிறது.

கோப்பில் இன்னும் நாலைந்து வரி கீழே போனால் குறிப்பு வரி வரும். பல கோப்புகளில் எந்த மாதம் எந்த வருஷத்தினுடையது என்று அங்கே எழுதியிருக்கும். ஜனவரி ஒரு வருஷம், பிப்ரவரி இன்னொரு வருஷம், மார்ச் வேறொன்று. மாதிரி வானிலை ஆண்டு என்பது இதுதான். பல வருஷப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் நீண்டகாலப் போக்கை ஒத்த ஒரு மாதத்தைப் பொறுக்கி, பன்னிரண்டையும் ஒட்டித் தைப்பார்கள். 1978-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் வகுத்த முறை. வழக்கமான வருஷத்தில் என்ன செலவாகும் என்று பார்க்க இது நல்ல வழி. ஆனால் கொடும் வெயில் அடித்த மாதம் இதில் இடம்பெறாது. அப்படிப்பட்ட மாதத்தை விலக்கத்தான் இந்த முறையே. தவிர, அந்தத் தொகுப்புகளுக்கு வயதாகிவிட்டது. அமெரிக்கத் தொகுப்புகளில் இரண்டாவது 1961 முதல் 1990 வரையான பதிவிலிருந்து எடுத்தது. மூன்றாவதும் 2005-ஓடு நின்றுவிடுகிறது. இன்று கட்டும் கட்டடம் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கப் போகிறது.

நகரம் வெளிப்புறத்தைவிடச் சூடு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் நகருக்கும் அதைச் சுற்றிய நாட்டுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலையை ஒப்பிட்டுப் பார்த்தார். இரவில் நகரம் 3.7 பாரன்ஹீட் டிகிரி கூடுதலாக இருந்தது; செல்சியஸில் சுமார் 2. பகலில் நகரம் ஒரு துளி குறைவாகவே இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது இந்தப் பகல், இரவு வேறுபாட்டைத்தான். காங்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகு விடுகின்றன. திறந்த புல்வெளி சூரியன் இறங்கியதும் மேலே வானத்தைப் பார்த்து வெப்பத்தைக் கொட்டிவிடும். நெருக்கமான தெருவிலுள்ள சுவருக்குத் தெரிவது எதிர்ச்சுவர்தான். இது விடுவதை அது வாங்கும், அது விடுவதை இது வாங்கும். போதாததற்கு வண்டிகள், ஏசிகள். சராசரியாக ஒன்றிரண்டு டிகிரி கூட்டிப் போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. அந்த டிகிரிகள் எந்த மணியில் கூடுகின்றன என்பதுதான் மின்சாரக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

நான் கவனித்துக்கொண்ட ஒரு கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவுக் காற்றோட்டம் என்று ஒரு ஏற்பாட்டை வடிவமைப்பில் வைத்திருந்தார்கள். ராத்திரி ஆட்கள் போன பிறகு காற்றுக் குழாயின் கதவான டேம்பரைத் திறந்து, பெரிய விசிறிகளைப் போட்டு, குளிர்ந்த வெளிக்காற்றை உள்ளே விடுவது. கூரைத் தளமும் சுவரும் ஆறிவிடும். காலையில் சில்லர், அதாவது ஏசிக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம், தாமதமாகக் கிளம்பினால் போதும். நல்ல யோசனை. அறிக்கையில் பெரிய சேமிப்பாகக் காட்டியிருந்ததும் இதுதான். ஆனால் நடைமுறையில் காலையில் கட்டடம் ஆறவேயில்லை; விசிறி ஓடிய மின்சாரம் மட்டும் கணக்கில் ஏறியது. கன்ட்ரோல் சரியில்லை என்று புகார் வந்தது. டேம்பர் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். உள்ளேயிருந்த சென்சாரை மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினோம்.

அப்புறம்தான் வெளிக்காற்றை உறிஞ்சும் வாயிலேயே, வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டிருக்கும் ஒரு டேட்டா லாகரை வைத்தேன். கட்டடத்தின் பின்பக்கம், குறுகலான சந்து, எதிரே இன்னொரு உயரமான சுவர். அதே இரவுகளுக்கு விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலையையும் எடுத்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். காலை பத்து மணிவாக்கில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போகும். மாலையில் பிரியத் தொடங்கும். நள்ளிரவுக்கு மேல் அங்கே 24 என்றால் எங்கள் சந்தில் 27.

மூன்று டிகிரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு கனமீட்டர் காற்று உள்ளே வந்தால், உள்ளுக்கும் வெளிக்குமுள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 1.2 கிலோவாட் வெப்பத்தை அது வாரிக்கொண்டு போகும். உள்ளே 28, வெளியே 24 என்றால் 4.8 கிலோவாட். வெளியே 27 என்றால் வெறும் 1.2. சரி, கால் பங்காவது கிடைக்கிறதே என்றால், விசிறி சும்மா ஓடுவதில்லை. ஃபில்டர், குழாய் எல்லாம் தாண்டி அத்தனை காற்றைத் தள்ள ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் விசிறிகள் சாதாரணம். மோட்டாரும் காற்றோட்டத்துக்குள்ளேயே இருந்தால் அந்த மின்சாரம் முழுக்க வெப்பமாக மாறி அதே காற்றில் சேரும். உள்ளே வரும் குளிர்ச்சியை விசிறியே தின்றுவிடுகிறது. வெளிக்காற்று நான்கு டிகிரியாவது குறைவாக இருந்தால் மட்டும் விசிறி ஓடட்டும் என்று மாற்றி வைத்தோம். பெரும்பாலான இரவுகளில் அது ஓடவேயில்லை. மாதிரியில் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்!

இது ஒரு கட்டடத்துக் கதை மட்டும் அல்ல. ஏதென்ஸ் நகரத்தில் சுமார் முப்பது இடங்களில் அளந்து சாந்தமூரிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் பலருக்கும் தெரியும். நகர மையத்து வானிலையை வைத்துப் பார்த்தால் கட்டடங்களின் குளிரூட்டும் தேவை இரண்டு மடங்கு வரை போகலாம், குளிரூட்டலுக்கான உச்ச நேர மின்தேவை மூன்று மடங்கு வரை கூடலாம், ஏசியின் திறன் கால் பங்கு வரை விழலாம் என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வு, குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் தேவை 30 முதல் 50 சதவீதம் வரை குறையலாம் என்றும் சொல்கிறது. நகரத்துச் சூடு எல்லோருக்கும் எப்போதும் நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்நாட்டில் அதே பிழை எதிர்த்திசையில் போய், தேவைக்கு மேல் பெரிய பாய்லரை வாங்க வைக்கும்.

ஏசியின் திறன் ஏன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் திறன் எண் பொதுவாக வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்தது. அவுட்டோர் யூனிட்டைச் சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடானால் கம்ப்ரசர் கூடுதலாகத் திணறும். அதோடு, உள்ளேயிருந்து மூன்று பங்கு வெப்பத்தை எடுக்க ஒரு பங்கு மின்சாரம் செலவாகிறது என்றால் வெளியே கொட்டுவது நான்கு பங்கு. உயரமான கட்டடங்களில் அவுட்டோர் யூனிட்டுகளை ஒரே சந்தில் தளத்துக்குத் தளம் அடுக்கி வைக்கிறார்கள். கீழ்த்தளம் விட்ட சூடான காற்று மேலே ஏறி, மேல்தளத்து யூனிட்டுக்குள் போகிறது. மென்பொருளுக்கு இது தெரியாது. உயரம் ஏற ஏறக் காற்று குளிரும் என்ற பொது விதிப்படி அது 100 மீட்டருக்கு 0.65 டிகிரி குறைத்துக்கொண்டே போகும். மேல்தளத்து யூனிட் வாயில் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த விதி சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

காற்றின் வேகத்துக்காவது மென்பொருளில் ஒரு திருத்தம் இருக்கிறது. கட்டடம் திறந்தவெளியில் இருக்கிறதா, புறநகரிலா, நகர மையத்திலா என்று கேட்கும். நகர மையம் என்று சொன்னால், விமான நிலையத்தில் நொடிக்கு 4 மீட்டர் வீசும் காற்றை அதே 10 மீட்டர் உயரத்தில் 1.8 ஆகக் குறைத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாக வரும் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்த கட்டடத்துக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் எனர்ஜிபிளஸில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது புறநகர் என்றே எடுத்துக்கொள்ளும். எத்தனை பேர் அதை மாற்றுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். நகரத்து வெப்பநிலைக்கு அப்படி ஒரு கேள்வியே கிடையாது. கோப்பில் இருப்பதுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு இடத்தில். கட்டி முடித்து ஒரு வருஷம் ஓடிய பிறகு மாதிரியையும் மின்மீட்டரையும் ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வார்கள். ஏசி, காற்றோட்டத் துறைப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 14-ஆம் வழிகாட்டி இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. மாதக் கணக்காகப் பார்த்தால் மொத்தச் சாய்வு (மொத்தத்தில் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பது) 5 சதவீதத்துக்குள், சிதறல் (ஒவ்வொரு மாதமும் எவ்வளவு விலகுகிறது என்பது) 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மணிக் கணக்காகப் பார்த்தால் 10-ம் 30-ம். அந்தந்த வருஷத்து உண்மையான வானிலையை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். நடப்பது என்ன? அதே பழைய மாதிரி வானிலை ஆண்டுக் கோப்பை வைத்துக்கொண்டே, மீட்டரோடு பொருந்தும் வரை மற்ற எண்களைத் திருகுகிறார்கள். ஆட்கள் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவது, கதவு இடுக்கில் காற்று அதிகம் புகுவதாகக் காட்டுவது, கம்ப்யூட்டர்கள் ராத்திரியிலும் ஓடுவதாக எழுதுவது. கடைசியில் எண் பொருந்திவிடும். ஆனால் வானிலையின் பிழை கதவு இடுக்கின் தலையில் விழுந்திருக்கும். அப்புறம் அந்த அறிக்கையைப் படிக்கிறவர், ஊழியர்கள் விளக்கை அணைப்பதில்லை என்று சுற்றறிக்கை அனுப்புவார். கதவுக்கு ரப்பர் ஒட்டச் செலவு செய்வார். ஒன்றும் குறையாது.

அப்படியானால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டால் போதுமா என்றால், அதுவும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. வெயில் படும் சுவரில் ஒட்டிய சென்சார் காற்றை அளக்காது, சுவரைத்தான் அளக்கும். வெயில் மறைப்புக் கூடு இல்லாத மலிவு சென்சார் மதியத்தில் பல டிகிரி கூட்டிக் காட்டும். ஏசி காற்று படும் இடம், சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கம், கறுப்புத் தார் போட்ட கூரையை ஒட்டிய இடம், மூன்றுமே ஆகாது. பல சென்சார்கள் வைப்பதானால், பிரித்து வைப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே கூட்டில் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பதிவு உள்ளூர் நேரத்திலும் இன்னொன்று கிரீன்விச் நேரத்திலும் இருந்தால், மென்பொருளில் சூரியன் ஒரு நேரத்திலும் சூடு வேறு நேரத்திலும் உதிக்கும். பெர்லினில் பொதுமக்கள் வீட்டில் வைத்திருக்கும் வானிலைக் கருவிகளின் பதிவைத் திரட்டி நகர வெப்பத்தை ஆராய்ந்தவர்கள், முதலில் செய்த பெரிய வேலையே வீட்டுக்குள் வைத்த கருவிகளையும் வெயிலில் வைத்த கருவிகளையும் கண்டுபிடித்துக் கழித்ததுதான்.

வெப்பநிலையை மட்டும் நகரத்துக்கு மாற்றிவிட்டு வெயிலை மாற்றாமல் விட்டாலும் தப்புத்தான். நெருக்கமான தெருவில் எதிர்க்கட்டடம் நிழல் தரும். கீழ்த்தளங்களில் கண்ணாடி வழியாக வரும் வெயில் பெரிதாகக் குறையும். சூட்டைக் கூட்டி, நிழலை விட்டுவிட்ட கணினி மாதிரி, தேவைக்கு மேல் பெரிய ஏசியைப் போடச் சொல்லும். பெரிதாகப் போட்ட ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடும், ஈரப்பதத்தைச் சரியாக இறக்காது. பயந்துகொண்டு ஒரு டிகிரி கூட்டிப் போடுவோம் என்பது அளந்து பார்ப்பதற்கு மாற்றாகாது.

அளக்கவே வழியில்லாத இடத்துக்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான அர்பன் வெதர் ஜெனரேட்டர் என்ற இலவசக் கருவி, வெளிப்புற நிலையத்தின் கோப்பையும் சுற்றுவட்டாரக் கட்டடங்களின் சராசரி உயரம், நெருக்கம், மரஞ்செடி அளவு, வண்டிகள் விடும் வெப்பம் போன்ற விவரங்களையும் வாங்கிக்கொண்டு, தெருவுக்குள் மணிக்கு மணி என்ன வெப்பநிலை இருக்கும் என்று ஒரு புதிய கோப்பாக எழுதித் தரும். பாசெல், துலூஸ் நகரங்களில் அளந்த தரவோடு அதை ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அது ஒரு மதிப்பீடுதான். ஒரு குறிப்பிட்ட சந்தின் சூட்டை அது அறியாது. இருந்தாலும் ஓடுபாதைப் புல்வெளியைவிட மேல்.

இதில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. நகரங்களுக்குள் காற்றின் தரம் அளக்கும் நிலையங்கள் பலவற்றில் வெப்பநிலையும் ஈரப்பதமும் ஏற்கெனவே பதிவாகின்றன. பிரச்சினை, அவை பொதுமக்களுக்கு வரும் வடிவம். இன்றைய அதிகபட்சம், இன்றைய குறைந்தபட்சம் என்று இரண்டு எண் திரையில் ஓடி மறைந்துவிடும். அந்த இரண்டை வைத்துக்கொண்டு எந்த மாதிரியையும் ஓட்ட முடியாது. மணிக்கு மணிப் பதிவு வேண்டும். விட்டுப்போன மணிகளை விட்டுப்போனவை என்றே காட்ட வேண்டும். கருவி எந்த உயரத்தில், எந்தத் தரைக்கு மேல் இருக்கிறது என்ற குறிப்பும், பக்கத்திலுள்ள கட்டடங்களின் படமும் கூடவே வேண்டும். ஐந்து வருஷப் பதிவு இப்படிக் கிடைத்தாலே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள் ஆற்றல் அறிக்கையின் முதல் பக்கத்தில் வானிலைக் கோப்பின் அந்த முதல் வரியை அப்படியே அச்சிடச் சொல்லலாம். எந்த நிலையம், கட்டடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த வருஷத்துப் பதிவு, நகரச் சூட்டுக்குத் திருத்தம் செய்ததா இல்லையா. அரைப் பக்கம் வராது. சேமிப்பு என்று பெரிய எண்ணைப் போடுகிறவர்கள் இந்த வரியைப் போடத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

உங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் வந்த கட்டடத்தின் அறிக்கை அவர் கையில் இருந்தால், வானிலைக் கோப்பு எது என்று கேட்டு அதையும் வெளியிடுங்கள். கட்டடம் ஒரு வருஷம் ஓடிய பிறகு மீட்டர் கணக்கையும் ஒரு தரம் கேட்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் ராத்திரி ஷிஃப்டில் இருப்பவரிடம் பேசச் சொல்லுங்கள். வடிவமைத்தவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கும் வாசகி